மரியா தெரசா தாலர்: ஐரோப்பிய வெள்ளி நாணயம் சேர்க்கத் தொடங்குவோருக்கு

பழைய ஐரோப்பிய வெள்ளி நாணயங்களைச் சேர்க்க விரும்புவோர் பலர், நாடு, நூற்றாண்டு என்று பாராமல் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி, சில மாதங்களில் எது அசல், எது போலி என்று தெரியாமல் விழிக்கிறார்கள். ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு அதனை முழுதாகப் படிப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி மரியா தெரசாவின் தாலர் என்ற வெள்ளி நாணயம் அதற்கு மிகவும் பொருத்தமானது.

முதற்படி: ஆண்டை நம்பாதீர்கள்

மரியா தெரசா 1780 நவம்பர் 29 அன்று காலமானார். ஆனால் செங்கடல் பகுதி வணிகர்கள் அவர் உருவம் பொறித்த தாலரையே விரும்பிக் கேட்டதால், 1780 என்ற ஆண்டை மாற்றாமல் அதனைத் தொடர்ந்து அச்சடித்தார்கள். வியன்னாவில் மட்டுமன்றி ரோம், லண்டன், பாரிஸ் நகரங்களிலும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாய் நாணயச்சாலையிலும்கூட அது அச்சானது. வியன்னாவில் இன்றும் அச்சாகிறது. இது தெரியாமல், என் முதல் தாலரைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பி, வெள்ளி மதிப்பைப் போல் மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். அது பிற்கால மறு அச்சு.

இரண்டாம் படி: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். முகப்பில் பேரரசி முக்காடு அணிந்திருப்பார், ஏனெனில் 1765இல் அவர் கணவர் இறந்துவிட்டார். தோளருகே முத்துகள் பதித்த ஓர் அணியூசி இருக்கும். அரபு வணிகர்கள் அந்த முத்துகளை எண்ணிப் பார்த்தே நாணயத்தை ஏற்றதாகச் சொல்வார்கள். உருவத்தின் கீழுள்ள ‘எஸ்.எஃப்.’ எழுத்துகள் குன்ஸ்பர்க் நாணயச்சாலை அதிகாரிகள் இருவரைக் குறிப்பவை. பிற்கால அச்சுகளிலும் அவை அப்படியே தொடர்வதால், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. பின்புறத்து இருதலைக் கழுகின் வால் இறகுகளும் எழுத்துகளுக்கிடையிலான புள்ளிகளும் நாணயச்சாலைக்கு நாணயச்சாலை நுட்பமாக வேறுபடும். விளிம்பில் ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் புடைப்பாக ஓடும். அங்கே அரம் போட்ட தடமோ ஒட்டுக்கோடோ தென்பட்டால் அது வார்ப்புப் போலி.

மூன்றாம் படி: எடையும் தண்ணீரும்

தாலரின் எடை 28.07 கிராம், விட்டம் சுமார் 40 மி.மீ., வெள்ளி ஆயிரத்துக்கு 833 பங்கு, மீதி செம்பு. தேய்ந்த நாணயத்தில் எடை சற்றுக் குறையலாம். எடையைச் சரியாக அமைத்த போலிகளும் உண்டு என்பதால் அடுத்த சோதனையை விட்டுவிடாதீர்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுதாக மூழ்கும்படி பிடியுங்கள். நாணயத்தில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் கணக்கைக் கெடுக்கும், ஆகவே நூலை மெல்ல ஆட்டி அவற்றை உதிர்த்துவிடுங்கள். அசல் தாலருக்குத் தராசு 2.75 கிராமுக்கு அருகில் காட்டும், அதாவது நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் கிடைக்கும் அடர்த்தி ஏறத்தாழ 10.2. அதே எடையுள்ள பித்தளைப் போலி 3.3 கிராம் அளவுக்குக் காட்டும். அமிலம் ஊற்றிப் பார்க்கும் சோதனை நாணயத்தையே கெடுத்துவிடும், அது வேண்டாம்.

நான்காம் படி: துலக்காதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம், அது விளக்குக்குச் சரி. நாணயத்தில் அப்படித் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழுந்து சேகரிப்பு மதிப்பு சரிந்துவிடும். படிந்த கருமை இயல்பானது, அதனை அப்படியே விட்டுவிடுங்கள். நாணயத்தை விளிம்பில் பிடித்து, பி.வி.சி. கலவாத உறையில் வைத்து, ரப்பர் பேண்டிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: வாங்கும் வரிசை

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வியன்னாவின் புதிய மறு அச்சு ஒன்றை முதலில் வாங்குங்கள். கண் பழகிய பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுகளுக்கும், அதன்பின் 1780க்கு முந்தைய ஆண்டு பொறித்த, பேரரசி வாழ்நாளில் வெளிவந்த தாலர்களுக்கும் செல்லலாம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எடை, தண்ணீர்க் கணக்கு, விளிம்பின் நிலை, கொடுத்த விலை ஆகியவற்றோடு அன்றைய வெள்ளி மதிப்பையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். 23.39 கிராம் சுத்த வெள்ளி என்று கணக்கிட்டால் போதும்.