தோட்டத்துச் சாலையில் ஓடும் காருக்கு எந்த வொர்க்‌ஷாப்?

வாரண்டி முடிந்த மைவி, சாகா கார்களில் குழிகளில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால், முதலில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். “லோவர் ஆர்மில் புஷ் மட்டும் மாற்ற முடியுமா, அண்ணே?” என்று கேளுங்கள். லோவர் ஆர்ம் என்பது முன் சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் இரும்புக் கை; புஷ் அதன் மூட்டில் இருக்கும் ரப்பர். செம்மண் சாலையில் அந்த ரப்பர் வெடிப்பு விடுவது உண்டு. கிளைகள் வைத்து நடத்தும் பெரிய கடைகளில் வேகத்துக்காக முழு ஆர்மையும் மாற்றச் சொல்வதும் உண்டு. தனி வொர்க்‌ஷாப்பில் பழைய புஷ்ஷைத் தள்ளி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்திவிடுவார்கள். செலவு நன்றாகக் குறையும். கழற்றியதைக் கையில் வாங்கி வெடிப்பைப் பாருங்கள்.

அப்புறம் சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மெண்ட்டுக்கு மட்டும் கம்ப்யூட்டர் மெஷின் உள்ள டயர் கடைக்குப் போங்கள்.

ஆர்மின் முனையில் சக்கரப் பக்கம் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டும் ஆடினால், அல்லது ஆர்ம் வளைந்திருந்தால் முழுதாக மாற்றுவதே சரி. வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்.