பழைய வாத்தியம் வாங்கி விற்கப் போகிறீர்களா? முதலில் ரிப்பேர்காரரைப் பிடியுங்கள்

அல்சூரில் எங்கள் வீட்டு முன் அறையில் இப்போது இரண்டு வீணை, ஒரு கிடார், மூன்று மிருதங்கம் இருக்கின்றன. எதையும் எனக்கு உருப்படியாக வாசிக்கத் தெரியாது. பழசாக வாங்கி, சரிசெய்து விற்கிறேன். பெங்களூரில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, நான் கையைச் சுட்டுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: வாங்கும் முன்பே ரிப்பேர் செலவைக் கேளுங்கள்

என் முதல் வீணை மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது. விலை 9,000 ரூபாய். பளபளவென்று இருந்தது, பேரம்கூடப் பேசவில்லை. பிறகு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதிக்க 5,000, தந்திக்கு 400, வண்டி வாடகை 1,200. கடைசியில் 14,000க்கு விற்றேன். கூட்டிப் பாருங்கள், 1,600 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும். மேளம் கட்டுபவரிடம் முன்பே ஒரு போன் போட்டிருந்தால், 7,000க்கு மேல் ஒரு பைசா தந்திருக்க மாட்டேன்.

வீணைக்கு மேளம் கட்டுபவர் வயலினைத் தொடமாட்டார். கிடார் பார்ப்பவருக்கு மிருதங்க வார் பிடிக்க வராது. எந்த வாத்தியத்துக்கு ஆள் தெரியுமோ, அதை மட்டும் வாங்குங்கள்.

படி 2: பன்னிரண்டாவது மெட்டு

வாசிக்கத் தெரியாதவருக்கும் கைகொடுக்கும் முக்கியமான சோதனை இதுதான். மெட்டு என்றால் தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் உலோகப் பட்டை, கிடாரில் ஃப்ரெட் என்பார்கள். வீணையில் 24 மெட்டு. சாரணித் தந்தியை (வாசிக்கும் முதல் தந்தி) வெறுமனே மீட்டினால் வரும் சுரத்தின் மேல் ஸ்தாயி, பன்னிரண்டாவது மெட்டில் வர வேண்டும். தந்தி நீளத்தில் அது சரிபாதி. போனில் இலவச டியூனர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மீட்டிப் பாருங்கள். முள் ஒரே எழுத்தில், ஒரே இடத்தில் நின்றால் நல்லது. விலகினால் பழைய தந்தியாக இருக்கலாம், மேளம் கலைந்திருக்கலாம். கிடாரிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இதே கணக்குத்தான்.

வீணை மெட்டுகள் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகில். வெடிப்போ, நகத்தால் லேசாகத் தட்டினால் ஆடுகிற மெட்டோ இருந்தால் மேளச் செலவு நிச்சயம். அதையாவது பணத்தால் சரிசெய்யலாம். தண்டி, அதாவது மெட்டுகள் இருக்கும் நீளமான பகுதி, வளைந்திருந்தால் கஷ்டம். கொத்தனார் ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பாரே, அப்படிக் குடத்தின் (பெரிய உருண்டைப் பகுதி) பக்கமிருந்து மறுமுனையில் உள்ள யாளித் தலையை நோக்கிப் பாருங்கள். ஒரு முறை அப்படி வளைந்த வீணையைத் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர்காரர் கையில்கூட வாங்கவில்லை, தூரத்திலிருந்தே "ஆகல்லா" (முடியாது) என்றுவிட்டார்.

"ஏகாண்ட வீணை சார்" என்று சொல்லாத விற்பனையாளரை நான் பார்த்ததில்லை. ஏகாண்டம் என்றால் மொத்த வீணையும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தது. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மர ரேகை அறுந்து வேறு திசையில் ஓடினால் ஒட்டு வீணை. ஒட்டு வீணை மட்டம் என்று அர்த்தமில்லை, விலைதான் வேறு. அந்த இடத்தில் மட்டும் புது வார்னிஷ் தடித்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 3: மற்ற வாத்தியங்கள், சுருக்கமாக

பழைய மிருதங்கத்தில் நீங்கள் வாங்குவது கட்டையை மட்டுமே. தோலும் வாரும் எப்படியும் மாற்ற வேண்டியவை. பூச்சி ஓட்டையிலிருந்து மாவு கொட்டினால் வேண்டாம். இன்னொரு கட்டையும் இருக்கிறது, சுருதிக் கட்டை, அதாவது பாடுபவரின் சுருதி எவ்வளவு உயரம் என்ற அளவு. 24 அங்குலம் தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு, 22 அங்குலம் ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு. அளக்காமல் வாங்கினால், ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு வாசிக்கக் கேட்பவரிடம் 24 அங்குலத்தை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

கீபோர்டு என்றால் எல்லாக் கட்டையையும் அழுத்திப் பாருங்கள். ஒரிஜினல் அடாப்டர் இல்லாமல் வாங்காதீர்கள். பழைய காசியோ பலவற்றில் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். யமஹாவில் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடலாம்.

வயலினுக்குள் 'ஸ்ட்ராடிவாரியஸ்' லேபிளைப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டாம். அந்த மனிதர் இறந்தது 1737இல். அந்த லேபிளோடு ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பிறகு ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. லேபிளுக்குப் பணம் தராதீர்கள்.

படி 4: இது யாருடையது?

பி.வி.கே. ஐயங்கார் ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சல்லிசாக ஒரு கிடார் கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும். பில் கேட்டால் சிரிப்பார்கள். திருட்டுப் பொருளை விற்றவருக்கு உரிமை இல்லாதபோது, வாங்கியவருக்கும் அது வராது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவின் பொது விதி அது. போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் பணமும் போச்சு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. அதனால் ஒரு வெள்ளைத் தாளில் பெயர், தேதி, தொகை, சீரியல் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து என்றதும் விற்பவர் முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள்.

பழைய வீணையின் ஓரத்தில் பூ வேலைப்பாடு தந்தமாக இருக்கலாம். தந்த வியாபாரம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "தாத்தா காலத்து வீணை" என்ற கதை உங்களைக் காப்பாற்றாது. பிளாஸ்டிக்கா தந்தமா என்று சந்தேகம் வந்தாலே விட்டுவிடுங்கள். எனக்கு ஒரு தடவை மனசு வரவில்லை, ஆனாலும் விட்டேன்.

படி 5: விற்கும்போது

விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடம் ஒருவர் கூப்பிடுவார். வாத்தியத்தைப் பார்க்கவே மாட்டார், பேரமும் பேசமாட்டார். "ராணுவத்தில் இருக்கிறேன், க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் ஏறும்" என்பார். பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் போவது உங்கள் பணம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

நான் ஒவ்வொரு மெட்டையும் மீட்டி வீடியோ எடுத்து அனுப்புகிறேன். விரிசல் இருந்தால் அதையும் காட்டுகிறேன். விலை கொஞ்சம் இறங்கும், ஆனால் திருப்பித் தர யாரும் வருவதில்லை. விஜயதசமிக்கு ஒரு மாதம் முன்பு போட்டால் வீணை சீக்கிரம் போகும்.

டெலிவரி கொடுக்கும்போது தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் கார் டிக்கியில் வைத்துவிட்டு நடுவில் காபி குடிக்க இறங்காதீர்கள். மெழுகு இளகினால் மேளம் கட்ட இன்னொரு 5,000.