உங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வரலாறு எழுதுவது எப்படி? பள்ளிப்பட்டுப் பக்கத்து அனுபவம்

நூற்றாண்டு விழா என்று பேச்சு எழுந்தால் போதும், நாலு பேர் கூடி "நம்ம ஸ்கூல் எந்த வருஷம் ஆரம்பிச்சது?" என்று கேட்பார்கள், ஆளுக்கு ஒரு வருஷம் சொல்வார்கள், கடைசியில் வாசல் கல்வெட்டில் இருப்பதை அப்படியே போட்டு மலர் அச்சடித்துவிடுவார்கள். கல்வெட்டை நம்பாதீர்கள். அது அந்தக் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும். கோயில் திண்ணையிலும் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையிலும் நடந்த வருஷங்களுக்குக் கல்வெட்டு கிடையாது.

தலைமையாசிரியர் அறை பீரோவில் அடித்தட்டில் கிடக்கும் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அட்மிஷன் ரிஜிஸ்டர் என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். டீசி கொடுக்க இன்றைக்கும் அது தேவைப்படுவதால் மற்ற நோட்டுகளைக் கரையான் தின்றாலும் அது பெரும்பாலும் தப்பித்திருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அவருக்கும் ஒரு தைரியம். பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், அங்கேயே உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அதில் சாதிக் கலமும் இருக்கும். பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஊரில் சண்டை மூட்டாதீர்கள், எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் போதும்.

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டுப் பக்கம் எங்கள் ஊர், எங்கள் பதிவேட்டில் பழைய பக்கங்கள் தெலுங்கில் இருக்கின்றன. அப்புறம் ஒரு ஜூன் மாதத்திலிருந்து தமிழ். மை அதே ஊதா, தலைமையாசிரியரும் அதே ஆள்தான், ஆனால் அவருடைய தமிழ் எழுத்து முதல் இரண்டு பக்கத்துக்கு ரொம்பத் தயங்கித் தயங்கி வருகிறது, 'ழ' வரும் இடமெல்லாம் ஒரு அடித்தல். எல்லைப் பக்கத்து ஊர்களில் வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருக்கும், அரசாங்கம்தான் மாறிக்கொண்டே இருக்கும்.

அதனால் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் ஊர் எப்போது எதன் கீழ் இருந்தது என்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் என்றால் கணக்கு இப்படி வரும். 1911 வரை வட ஆற்காடு மாவட்டம். அந்த வருஷம் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனோம். 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம், 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் எல்லைத் தகராறுக்கு நடுவராக இருந்த படாஸ்கர் கொடுத்த தீர்ப்பும் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தோம், செங்கல்பட்டு மாவட்டத்தில். திருவள்ளூர் மாவட்டம் என்று ஆனது 1997இல். புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழர்களாக இருந்தால் உங்கள் கணக்கு வேறு, தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள் கையில் இல்லாமல் பெரியவர்களிடம் பேசப் போனால் குழம்பிவிடுவீர்கள், நான் குழம்பினேன். ஒரு பெரியவர் "காமராஜர் சாப்பாடு போட்டப்போ நான் ஒண்ணாவது, ஐம்பத்தேழு" என்றார், நானும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மதிய உணவுத் திட்டம் சென்னை மாநிலத்தில் 1956இல் தொடங்கியது உண்மைதான், ஆனால் அப்போது நாங்கள் ஆந்திராவில் இருந்தோம், காமராஜர் எங்களுக்கு முதலமைச்சரே இல்லை. அந்தப் பெரியவர் சாப்பிட்டது 1960க்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்தால் அவர் சேர்ந்ததே 1961. பொய் சொல்லவில்லை பாவம், காமராஜர் என்றாலே ஐம்பதுகள் என்று மனதில் பதிந்துவிட்டது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவோடு இதைச் சேர்த்துக் குழப்புகிறவர்களும் உண்டு. "ஆயா சமைச்சாங்களா, வாத்தியாரே பாத்துக்கிட்டாரா?" என்று கேளுங்கள், எந்தக் காலம் என்பது ஓரளவு பிரிந்துவிடும்.

பிறந்த தேதியையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய பக்கங்களில் பாதிப் பேருக்கு மேல் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயசு ஆச்சு என்று வாத்தியார் போட்ட தேதி அது.

இனி வளர்ச்சி. எல்லா வருஷத்தையும் எண்ண வேண்டாம், கண் போய்விடும். ஐந்து வருஷத்துக்கு ஒரு ஜூனை எடுத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், ஐந்தாவது முடித்தவர்கள் எத்தனை பேர் என்று மூன்று எண் மட்டும் எடுங்கள். அப்புறம் இரண்டு விஷயத்தைத் தனியாகத் தேடுங்கள். காலனிப் பிள்ளை, அதாவது தலித் பிள்ளை ஒருவர் பெயர் முதன்முதலில் எந்த வருஷம் வருகிறது, ஐந்தாவது வரை முடித்த முதல் பெண் எந்த வருஷம் வெளியே போனார். கூரை ஓடாகி, ஓடு கான்கிரீட்டான கதையை விட இந்த இரண்டு வருஷங்கள்தான் பள்ளிக்கூடம் எப்போது ஊருக்கே பள்ளிக்கூடமானது என்று காட்டும். விழா மலரில் இதைப் போட வேண்டாம் என்று உங்களிடம் சொல்வார்கள். போடுங்கள்.

பெற்றோர் தொழில் கலத்தையும் விடாதீர்கள். எங்களுக்கு அதில் கைத்தறி, கூலி, கரும்பு என்று வரும், பிற்பாடு விசைத்தறி. ஆங்கில மீடியம் பள்ளிகளின் வேன் தெருவுக்குள் வர ஆரம்பித்த பிறகு ஒன்றாம் வகுப்பு எண்ணிக்கை சரிவதும் தெரியும். கட்டாயக் கல்விச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். எத்தனையோ தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளியாக நிற்பதற்கு அதுதான் கணக்கு. இதை எழுதும்போது ஒப்பாரி வைக்காதீர்கள், எண்ணைப் போட்டுவிட்டு நகருங்கள்.

1960க்கு முந்தைய காகிதங்களைத் திருவள்ளூரில் தேடி அலையாதீர்கள். ஒரு அலுவலகத்தில் என்னை மூன்று தடவை வரச்சொல்லிவிட்டுக் கடைசியில் "அது சித்தூர்ல இருக்கும்பா" என்றார்கள், முதல் நாளே சொல்லியிருக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பார்க்கலாம், ஆனால் தாலுகா பெயரும் அந்தக் காலத்து மாவட்டப் பெயரும் சரியாகச் சொன்னால்தான் எதுவும் கைக்கு வரும். தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள். "பள்ளியின் வரலாறு தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. பள்ளிக்கு அங்கீகாரம் வழங்கிய ஆணையின் நகல், இன்ன வருஷத்து ஆய்வறிக்கையின் நகல் என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெரியவர்களைப் பார்க்க கரண்ட் போன நேரம்தான் நல்லது, தறி ஓடும்போது யாருக்கும் காது கேட்காது. "உங்க பள்ளி நாட்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். "மணி எங்க தொங்கும்?" என்று கேளுங்கள். தண்டவாளத் துண்டு, அதை அடித்த பையன் யார், எந்த வாத்தியார் சைக்கிளில் வருவார், கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்தால் அவரால் வர முடியாமல் எத்தனை நாள் லீவு என்று தானாக நீளும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களிடம் தெலுங்கிலேயே கேளுங்கள், அதே ஆள் இரண்டு மடங்கு பேசுவார்.

எழுதி முடித்ததும் நேராக அச்சகத்துக்குப் போகாதீர்கள். ஒரு சாயங்காலம் பள்ளி வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். பிழையில்லை என்று நினைத்துத்தான் நானும் வாசித்தேன். தண்டவாளத் துண்டு தொங்கிய வேப்பமரம் என்ற வரி வந்ததும், மூன்றாவதோடு நின்றுபோன ஒரு ஆயா பின்னாலிருந்து கையை நீட்டி, "வேம்பு இல்லடா, புங்கன்" என்றார். பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு பேர், "ஆமா, புங்கன்தான், பூ கொட்டுமே" என்றார்கள். அதுவரை நான் பேசிய பதினொரு பேரும் ஆண்கள், வேம்பு என்று சொன்னது அவர்கள்தான். அன்றைக்கு இரவே பெண்கள் பட்டியல் ஒன்று எழுதி, மறுநாளிலிருந்து மறுபடி வீடு வீடாகப் போனேன், மலர் இரண்டு மாதம் தள்ளிப்போனது.