மறுநாள் நீர்த்துப்போகும் வெனிலா புட்டிங்: சரியானது இப்படித்தான்

இறக்கும்போது கெட்டியாக இருந்த புட்டிங், ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் பால் மாதிரி ஓடியது. சோள மாவைக் கூட்டினேன்; பச்சை மாவு வாசனைதான் மிச்சம். கொழுப்பு அதிகமுள்ள பாலுக்கு மாறியும் பலனில்லை.

காரணம் முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் அமிலேஸ் நொதி. கலவை நன்றாகக் கொதிக்காவிட்டால் அது செயலிழக்காமல் தங்கி, மாவுச்சத்தை மெல்ல உடைத்துவிடும்.

500 மி.லி. பாலுக்கு 3 மஞ்சள் கரு, 30 கிராம் சோள மாவு, 80 கிராம் சர்க்கரை. கெட்டியானதும் இறக்கக் கூடாது. நடுவில் பெரிய குமிழிகள் 'பொளக்' என்று வெடிக்கத் தொடங்கிய பிறகும், அடிபிடிக்காமல் கிளறியபடி 1 முதல் 2 நிமிடம் கொதிக்கவிட்டேன். தளர்வு நின்றது, அப்பாடா! சோள மாவு இருப்பதால் முட்டை திரியாது. வெனிலா எசன்ஸ் இறக்கியபின்.

ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப உள்ளே விடாதீர்கள்; எச்சிலிலும் அமிலேஸ் உண்டு.