பெட்டியைத் திறக்கும் முன் அரை பாட்டிலைத் திறவுங்கள்

பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள போயாக், சாந்த் ஜூலியன் போன்ற ஊர்களின் நல்ல சிவப்பு ஒயினை ஒரு பெட்டியாக வாங்கி வைக்கிறீர்களா? அதே ஷாத்தோ (ஒயின் தயாரிக்கும் தோட்டம்), அதே ஆண்டு ஒயினில் 375 மில்லி அரை பாட்டில் ஒன்றிரண்டும் சேர்த்து வாங்குங்கள். எட்டு, பத்து ஆண்டு கழித்து முதலில் அரை பாட்டிலைத் திறந்து பாருங்கள்.

அரை பாட்டிலின் கழுத்தும் கார்க்கும் கிட்டத்தட்ட 750 மில்லி பாட்டிலில் உள்ள அளவுதான். உள்ளே ஒயின் பாதி. அதைத் தொடும் காற்றோ ஏறக்குறைய அதே அளவு. அதனால் சின்னது முந்தி முதிரும். அதிலேயே டானின் என்னும் துவர்ப்பு நாக்கை இன்னும் வறட்டினால் பெரியவற்றைத் தொடாதீர்கள், சில ஆண்டுகள் கிடக்கட்டும். பிளாக்கரன்ட் பழ வாசனையோடு தேவதாரு மரம், ஈரமண், பதனிட்ட தோல் வாசனைகள் எழுந்து, டானின் மெத்தென்று இருந்தால் பெரியவை அந்தப் பக்குவத்தை நெருங்குகின்றன என்று பொருள்.

மில்லிக்குக் கணக்குப் பார்த்தால் அரை பாட்டில் விலை கூடத்தான். ஆனால் அவசரப்பட்டு ஒரு முழு பாட்டிலை வீணாக்குவதைவிட இது மலிவு.

இரண்டையும் ஒரே இடத்தில், 12–14 டிகிரி செல்சியஸில், படுக்கவைத்து வைத்திருந்தால்தான் ஒப்பீடு செல்லும். அரை பாட்டில் சமையலறை அலமாரியில் வெந்திருந்தால் அது பொய்தான் சொல்லும். மூன்று நான்கு ஆண்டில் குடித்துவிட வேண்டிய சாதாரண போர்தோவுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம்.