ஒரு விஷயத்துக்கு ஒரு மெயில்: வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பையரிடம் (எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) விலை பேசுவது, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவது, ஷிப்மென்ட் தேதி கேட்பது எல்லாமே மெயிலில்தான். சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஒரு போலோ டி-ஷர்ட் ஆர்டர். நேவி கலருக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்பியிருந்தோம். மொத்தத் துணிக்கும் சாயம் போடுவதற்கு முன்னால் சின்னத் துண்டில் போட்டுக் காட்டும் மாதிரிதான் லேப் டிப். "ஏ பரவாயில்லை, உள்ளே கேட்டுச் சொல்கிறோம்" என்று முதலில் ஒரு பதில் வந்தது. நான்கு நாள் கழித்து "பி-யை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முடிவு வந்தது. ஆனால் அது வந்தது வேறொரு ஆர்டரின் ஷிப்மென்ட் பேச்சு ஓடிக்கொண்டிருந்த மெயிலில், நான்காவது பத்தியில். முந்தின நாள் நான்தான் அதே மெயிலில், "அந்த நேவி என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுங்கள்" என்று ஒட்டுக்கேள்வி போட்டிருந்தேன். லேப் டிப் மெயிலைத் திறந்து பார்த்த சீனியருக்கு அதில் 'ஏ' மட்டும்தான் தெரிந்தது. சாயப்பட்டறைக்கு 'ஏ' போய்விட்டது. துணி வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. திரும்பவும் சாயம், பத்து நாள் தாமதம். பதில் வந்திருந்தது, ஆனால் தேடுகிறவர் பார்க்கும் இடத்தில் இல்லை.

அதற்கப்புறம் நான் பழகிக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் தொழில் எதுவானாலும் இது பொருந்தும்.

படி 1: சப்ஜெக்ட் வரியை முதலில் எழுதுங்கள்

பள்ளியில் கடிதம் எழுதியிருப்பீர்கள். அனுப்புநர், பெறுநர், அப்புறம் 'பொருள்'. அரசு அலுவலகக் கடிதத்தில் பொருளுக்குக் கீழே 'பார்வை' என்று இன்னொரு வரி இருக்கும். எந்தக் கடிதத்தைத் தொட்டு இது எழுதப்படுகிறது என்று எண்ணும் தேதியும் அதில் இருக்கும். அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே எந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மெயிலில் சப்ஜெக்ட் வரி ஒன்றே இந்த இரண்டு வேலையையும் செய்ய வேண்டும்.

"ஹாய்", "அவசரம்", "சாம்பிள் குறித்து" என்று வரும் மெயில்களை மூன்று மாதம் கழித்துத் தேடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வேலையில் நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். இங்கே தமிழில் காட்டுகிறேன்:

"பி.ஓ. 4512 / ஸ்டைல் 208 நேவி போலோ / லேப் டிப் ஒப்புதல் / ஜூன் 14க்குள் தேவை"

எந்த ஆர்டர் (பி.ஓ. என்பது ஆர்டர் எண்), எந்தப் பொருள், என்ன வேண்டும், எப்போது வேண்டும். எண்ணை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது: போனில் பார்க்கும்போது சப்ஜெக்ட்டின் முதல் சில வார்த்தைகள்தான் திரையில் தெரியும்.

படி 2: புது விஷயமா? புது மெயில்

மெயிலுக்கும் ஒரு 'பார்வை' உண்டு, கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் தனி அடையாள எண் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு போகிறது. யாராவது ரிப்ளை அழுத்தினால், அந்தப் பதில் உங்கள் மெயிலின் எண்ணையும் சேர்த்துச் சுமந்து வருகிறது. 1982இல் வந்த மின்னஞ்சல் தரவிதியிலேயே இதற்கு இடம் வைத்திருந்தார்கள். 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபோது, கேள்வியையும் பதில்களையும் ஒரே கட்டாக அடுக்கிக் காட்டியது. அவுட்லுக்கிலும் இப்போது அப்படிப் பார்க்கலாம்.

இதனால் இரண்டு பழக்கம் தேவை. முதலாவது: ஒரு விஷயம் முடியும்வரை அதே மெயிலுக்குத்தான் ரிப்ளை செய்ய வேண்டும். புதிதாக ஒன்று எழுதி அனுப்பினால் அடையாள எண்ணின் தொடர்பு அறுந்து, பேச்சு இரண்டு இடத்தில் கிடக்கும். இரண்டாவது, இதற்கு நேர் எதிர்: அட்ரஸ் தேட அலுத்துக்கொண்டு பழைய மெயில் ஒன்றைத் திறந்து, ரிப்ளை அழுத்தி, சம்பந்தமில்லாத புது விஷயத்தை எழுதக் கூடாது. நேவி கலர் கதையில் நான் செய்தது இதுதான்.

பேச்சு நடுவில் திசை மாறினால்? "இதைத் தனி மெயிலில் கேட்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, புது சப்ஜெக்ட்டில் தொடங்குங்கள். ஜிமெயிலில் சப்ஜெக்ட்டை மாற்றினாலே அது தனிக் கட்டாகப் பிரிந்துவிடும். அதேபோல ஒரே கட்டில் நூறு மெயிலுக்கு மேல் போனாலும் ஜிமெயில் தானாகவே அடுத்த கட்டைத் தொடங்கிவிடும். ஆகவே நீண்ட பேச்சில் "பழையதெல்லாம் காணோம்" என்று பதற வேண்டாம், முந்தின கட்டில் இருக்கும்.

படி 3: யாருக்கு, யாருக்கு நகல்

சி.சி. என்பது கார்பன் காப்பி. தட்டச்சு மெஷினில் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் பேப்பர் வைத்து அடித்த காலத்துப் பெயர். 'பெறுநர்' இடத்தில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டியவர், சி.சி.யில் இருப்பவர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவர். நான்கு பேரைப் பெறுநராகப் போட்டுக் கேள்வி கேட்டால், நான்கு பேரும் மற்றவர் பதில் சொல்வார் என்று இருந்துவிடுவார்கள். ஒருவரிடம் கேளுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பி.சி.சி.யில் போட்டவர் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே அறிவிப்பு போகும்போது இது சரியான இடம். ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய மேலதிகாரிக்குக் காட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த மேலதிகாரி 'ரிப்ளை ஆல்' அழுத்திவிட்டால் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

'ரிப்ளை ஆல்' பற்றி: பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் 2016 நவம்பரில் ஒரு சோதனை மெயில் தவறுதலாகச் சுமார் 8,40,000 கணக்குகளுக்குப் போய்விட்டது. "என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று பலர் எல்லோருக்கும் பதில் போட, ஒவ்வொரு பதிலும் மறுபடி அத்தனை பேருக்கும் போக, மெயில் அமைப்பே திணறிப்போனது. அப்படி ஒரு மெயில் வந்தால் பேசாமல் இருங்கள்.

படி 4: ஃபார்வர்ட் செய்யும் முன் கீழே போய்ப் பாருங்கள்

புதியவர்களிடம் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். பையர் அனுப்பிய கலர் விவரத்தைச் சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஃபார்வர்ட் அழுத்தினால் மேலே கலர் விவரம் இருக்கும். கீழே இரண்டு வாரம் முன்பு பேசிய விலை, நம் லாபக் கணக்கு, "இந்தப் பட்டறை தாமதம் செய்கிறது" என்று நாமே எழுதிய வரி, எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசிவரை இறங்கிப் பார்த்துத் தேவையில்லாததை வெட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் வேண்டியதை மட்டும் நகலெடுத்துப் புது மெயிலில் ஒட்டி அனுப்புங்கள். சரி, இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். ஆகட்டும்.

படி 5: உள்ளே எழுதுவது

வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பின்கதை கீழே வரட்டும்.

"வணக்கம். ஸ்டைல் 208 நேவிக்கு ஏ, பி, சி லேப் டிப் மூன்றும் ஜூன் 9 அன்று கூரியரில் அனுப்பினோம். உங்களிடம் கேட்பது இரண்டு:
1. எந்த லேப் டிப் ஒப்புதல்?
2. காலருக்கும் அதே கலர்தானா?
ஜூன் 14 மாலைக்குள் தெரிந்தால் 15ஆம் தேதி சாயத்துக்குப் போட்டுவிடுவோம்."

கேள்விக்கு எண் போட்டால் பதிலும் எண் போட்டு வரும். பத்தியாக எழுதினால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும், இரண்டாவதற்கு மறுபடி ஒரு மெயில் எழுத வேண்டியிருக்கும்.

தேதியில் கவனம். 05/06 என்று எழுதினால் நமக்கும் லண்டனுக்கும் ஜூன் 5, நியூயார்க்கில் இருப்பவருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. "நாளை காலை" என்பதும் அப்படித்தான். நமக்குக் காலை பத்து மணி என்றால், ஜூன் மாதத்தில் லண்டனில் ஐந்தரை, நியூயார்க்கில் நள்ளிரவு பன்னிரண்டரை. 'இன்று', 'நாளை' வேண்டாம். தேதி போடுங்கள், யார் ஊர் நேரம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இணைய நாகரிகத்துக்கென்று 1995இல் ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் வெளியானது. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதுபோல் இருக்கும், கோபத்தில் எழுதும் பதிலை ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்புங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிலை நான் டிராஃப்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் வந்து பார்த்தால் பாதி வரியை நானே அழிப்பேன்.

படி 6: முதலில் ஃபைல், கடைசியில் அட்ரஸ்

அட்டாச்மென்ட்டை முதலில் சேருங்கள், அப்புறம் எழுதுங்கள், பெறுநர் அட்ரஸைக் கடைசியில் போடுங்கள். அட்ரஸ் இல்லாத மெயில் கை தவறிப் போய்விட முடியாது. ஃபைலுக்கு "ஸ்கேன் 003" என்று பெயர் வைக்காமல் ஆர்டர் எண்ணோடு வையுங்கள். ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் இணைக்கலாம், அதற்கு மேல் போனால் டிரைவ் லிங்க்காக மாறும், அதைத் திறக்கப் பெறுபவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிமெயில் செட்டிங்ஸில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரம் 5 நொடியாக இருக்கும். இன்றைக்கே 30 நொடியாக மாற்றி வையுங்கள்.

படி 7: இன்பாக்ஸை அடுக்குவது

லேபிள்களைக் குறைவாக வையுங்கள். என்னிடம் பையருக்கு ஒன்று, அதற்குள் சீசனுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒரு மெயிலுக்கு இரண்டு மூன்று லேபிள் கூடப் போடலாம் என்பதால் எங்கே வைத்தோம் என்ற கவலை கிடையாது. பையரின் அட்ரஸிலிருந்து வருவதற்கெல்லாம் தானாக லேபிள் விழும்படி ஒரு ஃபில்டர் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வேலை முடிந்த மெயிலை ஆர்க்கைவ் செய்யுங்கள், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், குப்பைக்குப் போனது 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும். ஆர்க்கைவ் செய்ததற்குப் புதுப் பதில் வந்தால் மொத்தக் கட்டும் இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்துவிடும். இப்படிச் செய்துவந்தால் இன்பாக்ஸில் மிச்சமிருப்பதெல்லாம் இன்னும் கையில் உள்ள வேலை மட்டும்தான். தேடும்போது தேடல் பெட்டியின் ஓரத்திலுள்ள சின்ன ஐகானைத் தட்டினால் யார் அனுப்பியது, எந்தத் தேதி, அட்டாச்மென்ட் உள்ளதா என்று தனித்தனியாகக் கொடுக்கலாம்.

படி 8: போன், வாட்ஸ்அப் முடிவுகளை மெயிலுக்குக் கொண்டுவாருங்கள்

இப்போது பாதிப் பேச்சு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது, தவறில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஆர்டருக்கு ஆர்டர் பிரிவு கிடையாது. கலர் ஒப்புதலுக்கு மேலே பொங்கல் வாழ்த்தும் கீழே வேறு ஆர்டரின் போட்டோவும் இருக்கும். முடிவு ஆன அன்றைக்கே அந்த ஆர்டரின் மெயிலுக்குப் போய் ரிப்ளை அழுத்தி எழுதுங்கள்: "ஜூன் 12 மதியம் போனில் பேசியபடி லேப் டிப் பி ஒப்புதல். மாற்றம் இருந்தால் ஜூன் 14க்குள் சொல்லவும்."

சாயங்காலம் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் 'அனுப்பியவை' பகுதியைத் திறக்கிறேன். மூன்று நாளாகப் பதில் வராத மெயில் இருந்தால், அதே மெயிலுக்கு நானே ரிப்ளை அழுத்தி, "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், 15ஆம் தேதி சாயத்துக்குப் போக வேண்டும்" என்று எழுதுகிறேன். கேள்வி, தேதி, லேப் டிப் விவரம் எல்லாம் கீழேயே இருப்பதால் அந்த ஒரு வரி போதும்.