வாணி ஜெயராமுக்காக ஒரு மாலைப்பொழுது

பாடகி வாணி ஜெயராம் 2023 பிப்ரவரி 4 அன்று காலமானார். பத்ம பூஷண் அறிவிப்பு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் எங்கள் வீட்டில் ஒரு மாலைப்பொழுது அவர் பாட்டுக்குத்தான். உங்களுக்குப் பிரியமான எந்தக் கலைஞருக்கும் இப்படிச் செய்யலாம்.

ஐந்து பாட்டு போதும். தானாக அடுத்த பாட்டுக்கு ஓடுவதை நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் கொஞ்சம் அமைதி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச்சீட்டில் ஆண்டு, இசையமைத்தவர், எழுதியவர் பெயர்களை எழுதி வையுங்கள். 1974இல் வந்த 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' என்றால் எம்.எஸ். விஸ்வநாதனும் வாலியும் அந்தச் சீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

வேற்றுமொழிப் பாட்டு ஒன்றாவது சேருங்கள். இந்தியில் 1971இல் 'குட்டி' படத்தில் பாடித்தான் அவர் நாடு முழுக்கத் தெரிந்தார். மூன்று தேசிய விருதில் இரண்டு தெலுங்குப் படப் பாடல்களுக்கு. தமிழுக்குக் கிடைத்தது 'ஏழு ஸ்வரங்களுக்குள்'.

முக்கியமானது இதுதான்: பெரியவர்களிடம் "பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். "முதல்ல எங்கே கேட்டீங்க?" என்று கேளுங்கள். போன வருஷம் அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு ரேடியோவுக்காகத் திண்ணையில் காத்திருந்த கதையைச் சொன்னார். பாதியில் தானே பாடினார். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறேன். நீங்களும் பதிவு செய்யுங்கள். கோப்புக்குப் பெயரும் தேதியும் போட்டு, இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.